வெள்ளைத் தூளுக்கு ஊர் எது?

புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்களும் அவற்றின் உறவுப் பொருள்களும் எங்கள் லேபுக்கு வரும்போது பெரும்பாலும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். வெள்ளை வெளேரென்று தூள். லேபிளைக் கிழித்துவிட்டு கிளைசின், டாரின், வேலின், கிரியேட்டின் என்று நாலையும் வரிசையாக வைத்தால், பல வருஷமாக இதே வேலையைப் பார்க்கும் நானே கண்ணால் பார்த்துப் பிரித்துச் சொல்ல மாட்டேன். லியூசின் மட்டும் தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். தண்ணீரில் போட்டால் சின்னச் சின்னச் செதிலாக மேலே மிதக்கும். ஸ்பூனால் அமுக்கினால் ஓரமாக ஒதுங்கி மறுபடி மேலே வரும். குலுக்கினால் நுரையோடு ஷேக்கர் சுவரில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் அந்தக் கசப்பு. ஜிம் பையன்கள் வாங்கும், லியூசின் கலந்த பிசிஏஏ டப்பாக்கள் தர்பூசணி, மாம்பழம், எலுமிச்சை என்று இத்தனை வாசனையில் வருவதே அந்தக் கசப்பை மூடி மறைக்கத்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் மருந்து மூலப்பொருள்களைச் சோதிக்கும் லேப் ஒன்றில் வேலை பார்க்கிறேன். டாக்டர் இல்லை, டயட்டீஷியன் இல்லை. தூள் உள்ளே வரும்போது அது சொன்ன பொருள்தானா, சொன்ன சுத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. இந்த விஷயத்தை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்தேன். காரணம் என் அண்ணன் மகன்.

அயனாவரத்தில் ஜிம்முக்குப் போகிறான். வீட்டு அலமாரியில் அவனுடைய டப்பாக்கள் மூன்று, நாலு வரிசையாக நிற்கும். வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதத் தூள்), கிரியேட்டின், பிசிஏஏ, உடற்பயிற்சிக்கு முன்னால் குடிக்கும் ‘ப்ரீ வொர்க்அவுட்’ என்று ஒன்று. அவனுடைய ஜிம் நண்பர்கள் என்னைப் பார்த்தால் கேட்பது ஒரே கேள்வி: “அத்தை, இது சேஃபா? கிட்னி போயிடும்கறாங்களே?” என் அம்மா கேட்டது வேறு. எங்கள் வீடு சைவம். (பையன் வெளியே முட்டை சாப்பிடுகிறான் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், யாரும் அதைப் பேசுவதில்லை.) அம்மா கிரியேட்டின் டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது எதுலேர்ந்துடா எடுக்கறாங்க?” என்றார். அவனுக்குத் தெரியவில்லை. “அத்தை, பாட்டிக்கு நீங்களே சொல்லுங்க” என்று என் பக்கம் கையைக் காட்டிவிட்டான்.

பையன்கள் கேட்பதை விட அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி என்று நினைக்கிறேன். இந்தத் தூள் எதிலிருந்து, எந்த வழியாக வந்தது, நடுவில் யார் சோதித்தார்கள் என்று தெரிந்தால் ‘சேஃபா’ என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். லியூசினோ கிரியேட்டினோ நம் உடம்புக்குப் புதுசு இல்லை. அவை எப்போதும் நமக்குள் இருப்பவை. கவலைப்பட வேண்டியது அதே டப்பாவில் கூடவே வரும் மற்றவற்றைப் பற்றித்தான்.

கிரியேட்டினிலிருந்தே ஆரம்பிக்கிறேன். தசைக்குச் சட்டென்று சக்தி கிடைக்க உதவும் பொருள் இது. 1832-ல் மிஷேல் ஷெவ்ரூல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இறைச்சியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். அதனால் அம்மாவின் சந்தேகம் அர்த்தமில்லாதது இல்லை. நம் உடம்பே அர்ஜினின், கிளைசின், மெத்தியோனின் என்ற மூன்று அமினோ அமிலங்களைக் கொண்டு தினமும் சுமார் ஒரு கிராம் கிரியேட்டின் செய்துகொள்கிறது. சிறுநீரகத்தில் தொடங்கி கல்லீரலில் அந்த வேலை முடியும். கறி, மீன் சாப்பிடுபவர்களுக்குச் சாப்பாட்டிலிருந்து இன்னொரு கிராம் போலக் கிடைக்கும். சைவக்காரர்களுக்கு அது கிடையாது, அதனால் அவர்களுடைய தசையில் இருப்பு கொஞ்சம் குறைவாகவே இருக்கும்.

ஆனால் கடையில் விற்கும் கிரியேட்டின் கறியிலிருந்து வருவதில்லை. ஒரு கிலோ மாட்டிறைச்சியில் இருப்பதே சுமார் 4, 5 கிராம். அதைப் பிழிந்து டப்பா நிரப்பினால் எந்தக் கம்பெனிக்கும் கட்டுப்படியாகாது. சோடியம் சார்கோசினேட், சயனமைடு என்ற இரண்டு வேதிப்பொருள்களைத் தண்ணீரில் சேர்த்து, சூட்டையும் அமிலத்தன்மையையும் கட்டுக்குள் வைத்து வினைபுரிய வைத்தால் கிரியேட்டின் படிகமாக இறங்கும். வடிகட்டி, கழுவி, காயவைத்தால் முடிந்தது. இதில் எங்கும் ஆடும் இல்லை, மாடும் இல்லை. அம்மாவிடம் இதைச் சொன்னபோது, “சயனமைடா? பேரே பயமா இருக்கே” என்றார். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், வினை முழுசாக முடிந்து சரியாகக் கழுவியிருந்தால் அது மிச்சம் இருக்காது என்றேன்.

அந்த ‘சரியாகக் கழுவியிருந்தால்’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வினை சரியாகப் போகவில்லை என்றால் டைசயன்டயமைடு, டைஹைட்ரோட்ரையசின் போன்ற பக்க விளைபொருள்கள் தூளில் தங்கும். கிரியேட்டின் சிதைந்து உண்டாகும் கிரியேட்டினினும் வரும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2004-ல் கிரியேட்டினைப் பற்றிக் கருத்துச் சொன்னபோது, ஒரு நாளைக்கு 3 கிராம் வரை பெரிய ஆபத்து இருக்க வாய்ப்பில்லை என்று சொல்லிவிட்டு, தூளின் சுத்தம் குறைந்தது 99.95 சதவீதம் இருக்க வேண்டும் என்று சேர்த்துச் சொன்னது. அளவைப் பற்றிச் சொன்ன பாதி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. சுத்தத்தைப் பற்றிய பாதியை ஜிம்மில் யாரும் சொல்வதில்லை.

பிசிஏஏ கதை வேறு. லியூசின், ஐசோலியூசின், வேலின் என்ற மூன்றும் சேர்ந்ததுதான் அது. இவற்றை எடுக்கப் பழைய வழி ஒன்று உண்டு. முடி, கோழி வாத்து இறகு, கொம்பு இதெல்லாம் கெரட்டின் என்ற புரதம். அவற்றை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு மணிக்கணக்கில் கொதிக்க வைத்தால் புரதம் உடைந்து அமினோ அமிலங்களாகும். அதை நடுநிலைக்குக் கொண்டுவந்தால் சிஸ்டின் முதலில் படியும். மிச்சக் கரைசலிலிருந்து லியூசின், டைரோசின் போன்றவற்றைப் பிரிப்பார்கள். திருப்பதியிலும் பழனியிலும் காணிக்கையாக வரும் முடி ஏலத்துக்குப் போவது ஊருக்கே தெரியும். நீளமான முடி விக் செய்யப் போகும். கட்டை முடிக்கும் உலகத்தில் வியாபாரம் இருக்கிறது, அமினோ அமிலம் எடுப்பது அதில் ஒன்று.

இதைச் சொன்னதும் பையனின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். அம்மா அவனை விடத் தைரியமாகக் கேட்டுக்கொண்டார். ஐரோப்பாவில் மாவில் சேர்க்கும் சிஸ்டீனை மனித முடியிலிருந்து எடுக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. உடற்பயிற்சி செய்பவர்கள் சிலர் விழுங்கும் என்-அசெட்டில் சிஸ்டீன் மாத்திரையும் சிஸ்டீனிலிருந்து செய்வதுதான். வேதியியல் ரீதியாகச் சொன்னால், முடியிலிருந்து வந்த லியூசினும் வேறு வழியில் வந்த லியூசினும் ஒன்றே, உடம்புக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் எதை வாயில் போடுகிறோம் என்று தெரிந்துகொள்ளும் உரிமை சாப்பிடுகிறவருக்கு உண்டு. டப்பாவில் இருக்கும் ‘லியூசின்’ என்ற வெறும் பெயர் அதைச் சொல்லாது.

இன்றைக்கு ‘வீகன்’ என்று போட்டு வரும் பிசிஏஏ பெரும்பாலும் நொதிக்க வைத்து எடுத்தது. 1950-களில் ஜப்பானில் ஷுகுவோ கினோஷிதாவும் அவருடன் வேலை செய்தவர்களும், சர்க்கரையைத் தின்று குளுட்டமிக் அமிலத்தை வெளியே தள்ளும் பாக்டீரியா ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இப்போது அதன் பெயர் கோரினிபாக்டீரியம் குளுட்டாமிகம். அதையே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி லைசின், வேலின், லியூசின் எல்லாம் செய்ய வைத்துவிட்டார்கள். சோளமாவுச் சர்க்கரை அல்லது கரும்பு மொலாசஸ், தழைச்சத்துக்கு அம்மோனியா, காற்று, சரியான சூடு இதெல்லாம் இருந்தால் போதும். அம்மாவுக்கு விளக்க நான் இட்லி மாவைத்தான் சொன்னேன்: கண்ணுக்குத் தெரியாத ஒன்று அரிசியையும் உளுந்தையும் தின்று மாவைப் புளிக்க வைக்கிற மாதிரி, இங்கே சர்க்கரையைத் தின்று அமினோ அமிலத்தைத் தருகிறது. இடது கை, வலது கை மாதிரி பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு ‘எல்’, ‘டி’ என்று இரண்டு வடிவம் உண்டு. இந்த வழியில் வருவது இயற்கையாகவே ‘எல்’ வகையாக இருக்கும், அதாவது நம் உடம்பு பயன்படுத்தும் வடிவம். செயற்கையாகச் செய்தால் பல அமினோ அமிலங்கள் ‘எல்’, ‘டி’ இரண்டும் பாதிப் பாதி கலந்து வரும். அதனால்தான் நாங்கள் லியூசினைக் கரைத்து போலாரிமீட்டரில் வைத்து, ஒளியை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்புகிறது என்று பார்க்கிறோம்.

இன்னொன்று. தண்ணீரில் மிதக்கும் லியூசின் உங்கள் டப்பாவில் நன்றாகக் கலக்கிறது என்றால் அதன்மேல் லெசித்தின் தடவியிருக்கிறார்கள். பெரும்பாலும் சோயாவிலிருந்தோ சூரியகாந்தியிலிருந்தோ வருவது. சோயா ஒவ்வாமை உள்ளவர்கள் அந்தச் சின்ன எழுத்தைப் பார்க்க வேண்டும். கேப்ஸ்யூல் வாங்கினால் உறை ஜெலட்டினா, தாவரச் செல்லுலோஸா என்றும் பாருங்கள். தூள் சைவமாக இருந்து உறை மாட்டு எலும்பிலிருந்து வந்திருக்கலாம்.

நொதித்தல் என்றால் இயற்கை, இயற்கை என்றால் பத்திரம் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. அதற்காகவே 1989-ல் நடந்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் துறையில் இதைப் படிக்காமல் யாரும் தாண்ட முடியாது.

டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தை அமெரிக்காவில் தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் பலர் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாலிலும் முட்டையிலும் பருப்பிலும் இருப்பதுதான். 1989 இலையுதிர் காலத்தில் நியூ மெக்சிகோவில் சிலருக்குத் தாங்க முடியாத தசைவலி, ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை தாறுமாறாக ஏற்றம். விசாரித்தால் எல்லோரும் டிரிப்டோஃபேன் சாப்பிட்டவர்கள். கடைசியில் 1,500-க்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள், 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிழைத்தவர்களிலும் பலருக்கு நரம்பு, தோல், தசைப் பாதிப்புகள் வருஷக்கணக்கில் நீடித்தன. தேடிப்போனதில் அது ஷோவா டென்கோ என்ற ஜப்பானிய நிறுவனம் நொதித்தல் முறையில் செய்த டிரிப்டோஃபேனில் போய் நின்றது. அவர்கள் புதிதாக மரபணு மாற்றிய பாக்டீரியா வகை ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்கள். கிட்டத்தட்ட அதே நேரத்தில், சுத்தம் செய்யும் கட்டத்தில் போடும் கரித்தூளின் அளவையும் பாதியாகக் குறைத்திருந்தார்கள். தூளில் உள்ள பொருள்களைப் பிரித்து ஒவ்வொன்றையும் ஒரு மேடாகக் காட்டும் குரோமட்டோகிராம் வரைபடத்தில் புதுசாகச் சில சின்ன மேடுகள் தெரிந்தன. அதில் ஒன்று இரண்டு டிரிப்டோஃபேன் மூலக்கூறுகள் ஒட்டிய பொருள். எந்த மாசு, எப்படி இதைச் செய்தது என்பது விஞ்ஞானிகளிடையே இன்றும் முழுசாகத் தீரவில்லை.

என்னை உலுக்குவது இதுதான்: அந்தத் தூளின் சுத்தம் 99 சதவீதத்துக்கும் மேல். அன்றைய மருந்துத் தரத்தில் தேறியிருக்கும். மிச்சமிருந்த துளியில்தான் விபரீதம். தினமும் அந்த வரைபடத்தைத் தரும் எச்பிஎல்சி கருவியின் திரையில் பெரிய மேட்டுக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக ஒரு சின்ன நெளிவைப் பார்க்கும்போது, ‘இது போன பேட்ச்சில் இருந்ததா?’ என்று பழைய பதிவை எடுத்துப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. லேபில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கும் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

இதெல்லாம் அறியாமல் வரும் மாசு. அறிந்தே கலப்பது ஒன்று இருக்கிறது, எனக்குக் கோபம் வருவது அதில்தான்.

புரதத்தை அளக்க 1883-லிருந்து கெல்டால் முறை இருக்கிறது. நீளக் கழுத்துக் குடுவையில் தூளையும் கந்தக அமிலத்தையும் போட்டுச் சூடாக்கினால் முதலில் எல்லாம் கருகித் தார் மாதிரி ஆகும். மணி நேரம் போகப் போக அந்தக் கறுப்பு கலைந்து, தாமிர உப்புப் போட்டிருந்தால் தெளிந்த இளம்பச்சையாக நிற்கும். அப்போது புரதத்தில் இருந்த நைட்ரஜன் முழுக்க அம்மோனியமாகிவிட்டது. அதை வடித்து அளந்து, வந்த நைட்ரஜனை 6.25-ஆல் பெருக்கினால் புரதம். நல்ல முறைதான். ஆனால் அது புரதத்தை அளக்கவில்லை, நைட்ரஜனை அளக்கிறது. நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது.

அதனால் வே புரோட்டீனில் விலை குறைந்த கிளைசினைக் கலந்தால், ஒரு கிராம் கிளைசின் கணக்கில் சுமார் 1.17 கிராம் புரதமாகத் தெரியும். கிரியேட்டின் மோனோஹைட்ரேட் ஒரு கிராம் போட்டால் 1.75 கிராமுக்கு மேல் காட்டும். ‘அமினோ ஸ்பைக்கிங்’ என்று இதற்குப் பெயர். லேபிளில் 24 கிராம் புரதம் என்று இருக்கும், சோதனையிலும் 24 வரும், ஆனால் தசைக்குப் போவது அதை விடக் குறைவு. 2008-ல் சீனாவில் பால்பவுடரில் மெலமைன் கலந்ததும் இதே ஓட்டையைப் பயன்படுத்தித்தான். மெலமைனில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். தண்ணீர் கலந்த பால் அளவில் தேறியது, சுமார் 3 லட்சம் குழந்தைகள் நோயில் விழுந்தார்கள், ஆறு குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தார்கள். கிளைசின் அந்த மாதிரி விஷம் இல்லை. ஆனால் செய்யும் ஏமாற்று ஒன்றுதான்.

கண்டுபிடிக்க முடியாதா என்றால் முடியும். தூளில் உள்ள புரதத்தை உடைக்காமல், புரதத்தில் சேராமல் தனியாக நிற்கும் அமினோ அமிலங்களை மட்டும் எச்பிஎல்சியில் அளந்தால் கிளைசினும் டாரினும் எட்டிப் பார்த்துவிடும். உண்மையான வே என்றால் 24, 25 கிராம் புரதத்தில் லியூசின் ஏறக்குறைய இரண்டரை கிராம் இருக்கும். அமினோ அமில அட்டவணை போட்டிருக்கும் டப்பாவில் லியூசின் இதை விட ரொம்பக் குறைந்து கிளைசின் எகிறியிருந்தால் சந்தேகப்படலாம். அட்டவணையே இல்லாமல் ‘புரோப்ரைட்டரி பிளெண்ட்’ (எங்கள் சொந்தக் கலவை) என்று மூடி மறைத்தால் அதை நான் வாங்க மாட்டேன்.

நம் நாட்டிலேயே 2024-ல் கேரள மருத்துவர் சிரியாக் ஆபி பிலிப்ஸும் குழுவும் சந்தையில் கிடைக்கும் 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்து ‘மெடிசின்’ இதழில் எழுதினார்கள். ஏறக்குறைய 70 சதவீத டப்பாக்களில் லேபிளில் சொன்ன புரத அளவு சரியில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சான அஃப்ளாடாக்சினும் இருந்தது. அதே வருஷம் மே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில், உடம்பை ஏற்றுவதற்காகப் புரோட்டீன் சப்ளிமென்ட் எடுப்பதைத் தவிர்க்கச் சொல்லியிருந்தார்கள். நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன். வேலை முடிந்து ராத்திரி ஒன்பது மணிக்கு ஜிம்முக்குப் போகிற பையனுக்கு ஒரு ஸ்கூப் வே வசதியாக இருக்கிறது, அதில் தப்பில்லை. பிசிஏஏ மட்டும் எனக்கு ஒப்பவில்லை. தசை கட்ட, உடம்பு தானே செய்துகொள்ள முடியாத ஒன்பது அத்தியாவசிய அமினோ அமிலங்களும் வேண்டும், மூன்றை மட்டும் அதிகமாகக் கொடுத்தால் மிச்ச ஆறை உடம்பு எங்கே போய்த் தேடும்? வே, பால், சுண்டல், பருப்பு எல்லாவற்றிலும் அந்த மூன்றும் ஏற்கெனவே இருக்கிறது. அவனிடம் சொன்னேன், இப்போது வாங்குவதில்லை.

சரி, கிட்னி. கிரியேட்டின் உடம்பில் தினமும் கொஞ்சம் கிரியேட்டினினாக மாறி சிறுநீரில் போகும். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க டாக்டர்கள் ரத்தத்தில் அளப்பதும் அதே கிரியேட்டினினைத்தான். தசை அதிகம் உள்ளவருக்கும், கிரியேட்டின் சாப்பிடுபவருக்கும் அந்த எண் கொஞ்சம் ஏறித் தெரியும், சிறுநீரகத்தில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே. அண்ணன் மகனுக்கு ஆபீஸில் நடந்த ஹெல்த் செக்கப்பில் 1.4 என்று வந்தது. அண்ணன் அந்த ராத்திரியே டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போடக் கிளம்பிவிட்டார். அண்ணி அழ ஆரம்பித்துவிட்டார். நான் சொன்னது ஒன்றுதான்: டாக்டரிடம் போய் கிரியேட்டின் சாப்பிடுகிறேன் என்று மறைக்காமல் சொல். அவர் கேட்டுவிட்டு, தசையைச் சார்ந்து மாறாத சிஸ்டாட்டின் சி என்ற சோதனைக்கு எழுதினார். அது சரியாக இருந்தது. ஆரோக்கியமானவர்கள் தினமும் 3 முதல் 5 கிராம் எடுத்தால் சிறுநீரகம் கெட்டதாக ஆய்வுகளில் தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. ஜிம் மாஸ்டர் சொன்னார் என்று ஆரம்பிக்கிற விஷயம் இல்லை இது.

ப்ரீ வொர்க்அவுட்டைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றுமில்லை. குடித்த கொஞ்ச நேரத்தில் முகத்திலும் காதிலும் ஊசி குத்துகிற மாதிரி வருவது பீட்டா-அலனினால். அது ஆபத்தில்லை, தானே போய்விடும். பையன்கள் அதைத்தான் ‘கிக்’ என்று நினைக்கிறார்கள். கவனிக்க வேண்டியது கூட இருக்கும் காஃபின். ஒரு ஸ்கூப்பில் 200, 300 மில்லிகிராம் சாதாரணம். தண்ணீரே இல்லாமல் தூளை அப்படியே வாயில் கொட்டிக்கொண்டு, மே மாத வெயிலில் மெரினா மணலில் ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

போட்டிகளுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. ஊக்கமருந்துச் சோதனையில் உடம்பில் எது கிடைத்தாலும் பொறுப்பு விளையாட்டு வீரருடையது. ‘டப்பாவில் இருந்தது எனக்குத் தெரியாது’ என்றாலும் தண்டனையிலிருந்து சுலபமாகத் தப்ப முடியாது. ‘இன்ஃபார்ம்டு ஸ்போர்ட்’ போன்ற முத்திரை உள்ளவை ஒவ்வொரு பேட்ச்சாகச் சோதிக்கப்பட்டவை. பெரியமேட்டில் ஷூ வாங்குகிற அதே சுற்றில் டப்பாவும் வாங்கிக்கொண்டு வரும் பிள்ளைகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

லேபிள் விஷயத்துக்கு வருகிறேன். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2016-ல் இந்த வகைப் பொருள்களுக்குத் தனி விதிமுறைகள் கொண்டுவந்தது. 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும், மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று போட்டிருக்க வேண்டும், சைவம் என்றால் பச்சை வட்டம், அசைவம் என்றால் பழுப்பு முக்கோணம். 2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், உணவில் சேரும் ஒவ்வொரு பொருளும் தாவரத்திலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா, லேபில் செய்ததா என்று அளவு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அம்மாவின் கேள்வியை அப்படியே நீதிமன்றம் கேட்ட மாதிரி இருந்தது எனக்கு. நடைமுறையில் டப்பாவில் பச்சை வட்டம்தான் இருக்கிறது, ‘நொதித்தல் முறையில் சோளத்திலிருந்து’ என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்களுக்கு மெயில் போட்டுக் கேளுங்கள். பேட்ச் எண்ணைச் சொல்லி, அந்த பேட்ச்சின் பகுப்பாய்வுச் சான்றிதழை அனுப்பச் சொல்லுங்கள். அதில் சுத்தம், ஈயம், காட்மியம், நுண்ணுயிர் அளவு இதெல்லாம் இருக்க வேண்டும். நல்ல கம்பெனி அனுப்பிவிடும். எங்கள் வீட்டுக் கிரியேட்டினுக்குக் கேட்டபோது ஒரு கம்பெனி சீக்கிரமே அனுப்பியது. இன்னொன்று ‘உங்கள் நம்பிக்கைக்கு நன்றி’ என்று மட்டும் பதில் போட்டது, அந்த டப்பாவை மாற்றிவிட்டோம்.

ஜிப் கவரில் அளந்து போட்டு ‘லூஸ்’ ஆக விற்பதைத் தயவுசெய்து வாங்காதீர்கள். பேட்ச் எண் இல்லாத தூளைப் பற்றி என்னாலும் எதுவும் சொல்ல முடியாது, உங்கள் டாக்டராலும் முடியாது.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்க நமக்கே வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன் 40-வது பிரிவின்படி, வாங்குகிற யாரும் கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் பொருளைச் சோதனைக்குக் கொடுக்கலாம். ஒரு நிபந்தனை: வாங்கும்போதே கடைக்காரரிடம் ‘இதைச் சோதனைக்குக் கொடுக்கப் போகிறேன்’ என்று தெரிவித்துவிட வேண்டும். பொருள் சட்டப்படி இல்லை என்று அறிக்கை வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும், மேல் நடவடிக்கைக்கு அறிக்கை அதிகாரிக்கும் போகும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்தில் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. டப்பாவைப் பிரிக்காமல், பில்லோடு கொண்டுபோங்கள்.

அண்ணன் மகனின் வே தீரப் போகிறது. இந்த முறை அவன் புரசைவாக்கத்தில் வழக்கமாக வாங்கும் கடைக்கு நானும் கூடப் போகிறேன். கடைக்காரரிடம் கொடுக்க வேண்டிய கடிதத்தை எழுதி வைத்துவிட்டேன். அறிக்கை கைக்கு வந்ததும் அதில் உள்ள எண்களை இங்கேயே போடுகிறேன்.